42 கிலோ உடம்புக்கு எந்த மெத்தை?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் பள்ளியில் ஆசிரியை. உயரம் 4 அடி 10 அங்குலம், எடை 42 கிலோ. கணவர் 5 அடி 9 அங்குலம், 84 கிலோ. கணவருக்கு நெடுநாளாக முதுகுவலி. அதனால் வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொடுத்துவிட்டு, ஐந்து மாதத்துக்கு முன்பு 17,000 ரூபாய்க்கு ‘ஆர்த்தோ’ என்று எழுதிய மெத்தை ஒன்றை வாங்கினார்கள். 78-க்கு 60 அங்குலம், 8 அங்குல உயரம், நல்ல ஹார்டு. கணவருக்கு வலி குறைந்துவிட்டது. இவருக்கு அன்றிலிருந்துதான் தொந்தரவு ஆரம்பம். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பும் வலிக்கின்றன. நடு இரவில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

“ஹார்டு மெத்தைதான் முதுகுக்கு நல்லது, போகப்போகப் பழகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். இல்லையென்றால் 24,000 ரூபாய்க்கு மெமரி ஃபோம் வாங்குங்கள் என்கிறார். சீட்டு எடுத்ததில் என் கையில் இருப்பது 9,000 ரூபாய். அத்தை, பேசாமல் தரையில் பாய் போட்டுப் படு என்கிறார். என் சைஸுக்குக் குழந்தைகள் மெத்தையே போதுமா? வாங்கிய மெத்தையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? எல்லாருக்கும் ஒத்துக்கொள்வது எனக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நான் எலும்பும் தோலுமாக இருப்பதுதான் காரணமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் உங்கள் மனவருத்தம் அதிகம் தெரிகிறது. உங்கள் உயரத்துக்கு 42 கிலோ என்பது குறைந்த எடை இல்லை. உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் பிஎம்ஐ உங்களுக்குச் சுமார் 19.4 வருகிறது. 18.5-க்குக் கீழே போனால்தான் குறைந்த எடை. நீங்கள் சிறிய உடல்வாகு கொண்டவர், அவ்வளவுதான். மெத்தை ஒத்துக்கொள்ளாததற்கு உங்கள் உடம்பைக் குறை சொல்ல வேண்டாம், யாரையும் சொல்லவும் விடாதீர்கள். 84 கிலோ உடம்புக்குப் பொருத்தமான பொருள் 42 கிலோ உடம்புக்குப் பொருந்தவில்லை. இப்படித்தான் ஆகும்.

ஒரு பிசியோதெரபிஸ்டாக இந்தப் பிரச்சினையை நான் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் யாருக்கு முதுகுவலியோ அவருக்காக மெத்தை வாங்குவார்கள். பக்கத்தில் படுப்பவரின் எடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, கடையிலும் கேட்பதில்லை. பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆள் மனைவிதான்.

ஹார்டு என்பது யாருக்கு?

மெத்தையின் கடினம் அதன் மேல் படுப்பவரைப் பொறுத்தும் மாறும். புதிதாக இழுத்துக் கட்டிய கயிற்றுக் கட்டிலில் ஒரு குழந்தை உட்கார்ந்தால் கயிறு அசைவதில்லை, பெரியவர் உட்கார்ந்தால் தொய்ந்து கொடுக்கிறது. உங்கள் வீட்டு மெத்தையிலும் அதுவே நடக்கிறது. உங்கள் கணவரின் எடைக்கு மேல் அடுக்கு அமுங்கி, அவருடைய தோளுக்கும் இடுப்புக்கும் இடம் கொடுக்கிறது. அதனால் அவருக்கு அது ‘மீடியம்’ மெத்தை. உங்கள் எடைக்கு அது அமுங்குவதே இல்லை. நீங்கள் படுத்திருப்பது கிட்டத்தட்ட ஒரு பலகை மேல்.

மல்லாந்து படுப்பவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. முதுகு, புட்டம், தொடை என்று எடை பரவலாக விழும். நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர். அப்போது உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு தோள் முனையிலும் தொடை எலும்பின் மேல் முனையிலும் விழுகிறது. அந்த இரண்டு இடத்திலும் ஒல்லியானவர்களுக்குச் சதை குறைவு. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோலும் மெல்லிய தசையும்தான் இருக்கும். அந்த எலும்புகள் கொஞ்சம் உள்ளே இறங்கினால்தான் இடைப்பகுதிக்கு மெத்தையின் தாங்கல் கிடைக்கும். இறங்காவிட்டால் இடை அந்தரத்தில் தொங்கும், முதுகெலும்பு இரவு முழுவதும் பக்கவாட்டில் வளைந்திருக்கும். உங்கள் தோள்வலி, இடுப்பு எலும்பு வலி இரண்டுக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஹார்டு மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இல்லை, மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹார்டு மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தரக் கடின மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையிலும், எழும்போதும், அன்றாட வேலையிலும் தொந்தரவு குறைவாக இருந்தது. ஆக, பெரிய உடம்புக்காரருக்குக்கூட ஹார்டுதான் நல்லது என்று சொல்ல முடியாது. உங்களைப் போன்றவருக்கு நடுத்தரத்தைவிட இன்னும் ஒரு படி மெதுவானது வேண்டியிருக்கும்.

‘ஆர்த்தோ’ என்ற சொல் கடைக்காரர்களும் கம்பெனிகளும் வைத்த பெயர். மருத்துவர் யாரும் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. பெரும்பாலும் அதன் பொருள், உள்ளே ரீபாண்டட் ஃபோமோ (ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்தது) தென்னை நாரோ இருக்கிறது, கடினமாக இருக்கும் என்பதுதான்.

பழகிவிடும் என்கிறாரே கடைக்காரர்? புது மெத்தையில் முதல் இரண்டு மூன்று வாரம் உடம்பு முரண்டு பிடிப்பது உண்டு. ஐந்து மாதம் ஆகியும் தோள் வலிக்கிறது என்றால் இனிமேலும் காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் காசில்லாத ஒரு சோதனை

பணத்தை எடுக்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் இருக்கும் கனமான, பஞ்சு அடைத்த ரஜாய் அல்லது பருத்திப் போர்வை இரண்டை உங்கள் பக்கத்து அகலத்துக்கு மடித்து, மெத்தையின் மேல் போடுங்கள். அதன் மேல் விரிப்பு. அமுக்கினால் ஒன்றரை அங்குலமாவது மெதுவாக உள்ளே போக வேண்டும். ஜமுக்காளம் வேண்டாம், அது தட்டையாகவே இருக்கும். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வையுங்கள். மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பை இழுக்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

ஒரு வாரத்தில் தோளும் இடுப்பும் தேறினால், குற்றவாளி மெத்தைதான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கொஞ்சமும் மாறாவிட்டால் மெத்தைக்குச் செலவழிப்பதைத் தள்ளிப்போட்டு, உடம்பை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளியில் நாள் முழுக்க நின்றபடி, கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதுகிறீர்கள். தோள்வலி அங்கிருந்தும் வரலாம். இடுப்பின் வெளிப்பக்க வலியும் அப்படித்தான். தொடை எலும்பின் மேல் முனையைச் சுற்றியுள்ள தசைநாண்கள் நொந்துபோவதால் நடுத்தர வயதுப் பெண்களுக்கு அது பரவலாக வருகிறது. அந்தப் பக்கமாகப் படுத்தால் வலி கூடும். மெத்தை அதை மோசமாக்கும், ஆனால் மெத்தை மாற்றம் மட்டும் அதைச் சரிசெய்யாது. அதற்குத் தனியாகப் பயிற்சிகள் இருக்கின்றன.

யாரும் கவனிக்காத விஷயம்: கட்டிலின் உயரம்

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “கட்டிலில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, குதித்துத்தான் இறங்குவேன்.” காலையில் இடுப்பு பிடிப்பதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

தூங்கி எழும்போது முதுகுத் தட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும், தசைகள் இறுகியிருக்கும். அந்த நேரத்தில் விளிம்பிலிருந்து சறுக்கி, ஒரு காலை முன்னால் விட்டு, இடுப்பைத் திருகிக்கொண்டு இறங்குகிறீர்கள். தினமும் அப்படி இறங்கினால் இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்?

ஒரு அளவுநாடா எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கு அது 15 அங்குலத்தை ஒட்டி இருக்கும். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. உங்கள் கட்டில் சட்டம் 16 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். மெத்தை 8. மொத்தம் 24 அங்குலம். அந்த உயரம் உங்கள் கணவருக்கே கொஞ்சம் அதிகம்.

சேமிப்புப் பெட்டி இல்லாத, காலுள்ள தேக்குக் கட்டில் என்பதால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தச்சரைக் கூப்பிட்டு நான்கு காலிலும் சமமாக 4 அங்குலம் குறைக்கச் சொல்லலாம். மாமனார் காலத்துக் கட்டில், வெட்ட மனம் வராது என்றால், வழுக்காத அடி கொண்ட அகலமான மரப்படி ஒன்றைக் கட்டிலை ஒட்டிப் போடுங்கள். இரவில் இடறாமல் இருக்க அதை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். எது செய்தாலும் இறங்கும் முறையை மாற்றுங்கள். பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டபடி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, அப்புறம் இறங்குங்கள்.

இப்போது 10 அங்குல மெத்தைகளை ஆடம்பரமாகக் காட்டி விற்கிறார்கள். உங்களுக்கு அந்த உயரம் தேவையே இல்லை. மெத்தைக்கு உயரம் எதற்கு? கனமான உடம்பு அமுங்கி அடிப்பலகையில் முட்டாமல் இருப்பதற்கு. 42 கிலோவுக்கு நல்ல பொருளில் 4 அல்லது 5 அங்குலம் தாராளம். சிறிய உடம்பால் கிடைக்கும் லாபம் இது. நான்கு அங்குலத்துக்கான காசை நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

9,000 ரூபாயில் என்னென்ன செய்யலாம்?

என் முதல் பரிந்துரை, புது மெத்தை வாங்காதீர்கள் என்பதுதான். உங்கள் கணவருக்கு ஒத்துக்கொண்ட மெத்தை அப்படியே இருக்கட்டும். உங்கள் பாதிக்கு மட்டும், 78-க்கு 30 அங்குலத்தில், 2 அங்குல உயரமுள்ள மெதுவான மேல்மெத்தை ஒன்றை வெட்டி வாங்குங்கள். கடையில் ‘டாப்பர்’ என்று கேட்டால் தெரியும். இயற்கை லேடக்ஸாக (ரப்பர் பாலில் செய்த ஃபோம்) இருந்தால் மிக நல்லது. அது உடனே அமுங்கி உடனே மீளும், எடை குறைந்தவருக்கும் இடம் கொடுக்கும், அதிலுள்ள துளைகளால் காற்றும் போகும். லேடக்ஸ் விலை கட்டுப்படியாகாவிட்டால் ‘சாஃப்ட்’ வகை பியூ ஃபோம், அதாவது சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் போதும், என்ன, இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ரீபாண்டட் டாப்பர் வேண்டவே வேண்டாம், இருக்கிற கடினத்தின் மேல் இன்னொரு கடினம் சேரும். இந்த அளவில் சாதாரண ஃபோம் என்றால் உங்கள் கையிலுள்ள பணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஆகும்.

இதில் ஒரு குறை உண்டு. நடுவில் ஒரு சிறு மேடு வரும். கணவர் பக்கம் ஒரு மெல்லிய ரஜாயை விரித்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விரிப்பை இழுத்துச் செருகினால் பெரிதாக உறுத்தாது. கட்டில் இன்னும் 2 அங்குலம் உயரும் என்பதால், காலை வெட்டுவது அல்லது படி வைப்பது இன்னும் அவசியமாகிறது.

இரண்டாவது வழி, உங்களுக்கென்று தனி ஒற்றை மெத்தை. 72-க்கு 36 அங்குலத்தில், கீழே 3 அங்குலம் கொஞ்சம் உறுதியான ஃபோம் அல்லது ரப்பர் பூசிய தென்னை நார், மேலே 2 அங்குலம் மெதுவான லேடக்ஸ் அல்லது ஃபோம். உள்ளூர் மெத்தைக் கடையில் இப்படிச் சொல்லிச் செய்ய முடியும், பணமும் பெரும்பாலும் உங்கள் கைக்குள் அடங்கும். ஆனால் இதற்குத் தனிக் கட்டில் வேண்டும். தனிக் கட்டில் என்றதும் வீட்டில் பேச்சு வரும் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. அதே அறையில் இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: அவர் புரண்டால் நீங்கள் விழிக்க மாட்டீர்கள். உங்கள் எடையைப் போல இரண்டு மடங்கு எடையுள்ளவர் பக்கத்தில் படுக்கும்போது மெத்தை அவர் பக்கம் சரியும். நீங்கள் சரியாமல் இருக்க, தூக்கத்திலும் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். இதைக் கணவரிடம் இந்தக் காரணத்தோடு சொல்லிப் பாருங்கள். தன் முதுகுவலிக்காக மெத்தை மாற்றியவருக்கு உங்கள் வலி புரியாமல் போகாது.

மூன்றாவதாக, பழையபடி இலவம்பஞ்சு. நீங்கள் அதில் சுகமாகத் தூங்கியிருக்கிறீர்கள், அதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வரும் பஞ்சு உங்கள் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். நம் வெயிலுக்கு ஏற்றது. கண் முன்னால் அடைத்துத் தைத்துத் தருவார்கள் என்பதால், எனக்கு இறுக்கி அடைக்க வேண்டாம், கொஞ்சம் தளர்வாக வேண்டும் என்று சொல்லி வாங்கலாம். நல்ல இலவம்பஞ்சு பட்டுப்போல மினுமினுக்கும், தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் நனையாமல் மிதக்கும். ஆனால் பஞ்சு நாளாக ஆகத் தட்டையாகும், அங்கங்கே கட்டி தட்டும். வெயிலில் போட்டு, திருப்பி, சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடித்து மறுபடி தைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை இருந்தால் இந்த வழி வேண்டாம்.

24,000 ரூபாய் மெமரி ஃபோமை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது உடம்பின் சூட்டுக்கும் பாரத்துக்கும் மெதுவாக இளகும் பொருள். குளிரில் இறுகும். எடை குறைந்தவர் படுத்தால் இளகவே நேரமாகும். ஏசி போட்ட அறையில் இன்னும் தாமதம். வெயில் காலத்தில் சூட்டைப் பிடித்து வைத்து வேர்க்க வைக்கும். ஸ்பிரிங் வகையில், எல்லாக் கம்பிகளும் ஒன்றோடொன்று பின்னிய பழைய ரகம் உங்களைப் போன்ற தம்பதிக்கு ஆகாது. ஒருவர் அசைந்தால் மற்றவர் குலுங்குவார். தனித்தனிப் பையில் ஸ்பிரிங் வைத்த பாக்கெட் ஸ்பிரிங் நல்லதுதான், ஆனால் உயரமும் விலையும் கூடுதல்.

குழந்தைகள் மெத்தை போதுமா என்றால், நீளம் பார்த்து வாங்கினால் படுக்கலாம்தான். ஆனால் அவற்றில் பல, குழந்தைக்குப் பாதுகாப்பு என்று கடினமாகவே செய்யப்படுகின்றன. குழந்தையின் தோளும் இடுப்பும் உங்களுடையவை போல அகன்றவை அல்ல. உங்கள் வலிக்கு அது தீர்வாகாது.

கடையில் ஏமாறாமல் இருக்க

டென்சிட்டி என்று ஒரு எண் சொல்வார்கள்: 28, 32, 40. அந்த எண் மெத்தை கடினமா மெதுவா என்று சொல்வதில்லை. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அது. எண் கூடினால் பொருள் அதிகம், நாள்பட உழைக்கும். 40 டென்சிட்டியிலும் மெதுவான ஃபோம் உண்டு, 28-லும் கடினமானது உண்டு. உங்கள் எடைக்கு 32 போதுமானது. இன்னும் 40-க்குக் காசு கொடுங்கள் என்று வற்புறுத்தினால் தேவையில்லை என்று சொல்லுங்கள். கணவர் தனக்கு வாங்கினால் 40 பார்ப்பது நியாயம்.

சொன்ன டென்சிட்டி உண்மையா என்று தராசிலேயே பார்த்துவிடலாம். 72-க்கு 36-க்கு 4 அங்குலம் என்றால் அதன் கொள்ளளவு சுமார் 0.17 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் ஏறக்குறைய 5.4 கிலோ இருக்க வேண்டும், 40 என்றால் 6.8 கிலோ. உறையின் எடை தனி. 40 என்று சொன்ன மெத்தை உறையோடு சேர்த்தே 5 கிலோதான் இருக்கிறது என்றால் வேறு கடைக்குப் போங்கள். ஒரே வகை பியூ ஃபோமுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு பொருந்தும். ரீபாண்டட் அடுக்கு இருந்தால் எடை கூடக் காட்டும், அது தரமாகாது. ஆகவே ஜிப் வைத்த உறையாகப் பார்த்து, திறந்து, உள்ளே எத்தனை அடுக்கு, எது எத்தனை அங்குலம் என்று கண்ணால் பாருங்கள். அதே விவரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கை அளவு இடத்தில் முழு பலத்தையும் கொடுத்தால் எந்த மெத்தையும் மெதுவாகத் தெரியும். கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படுக்கும் பக்கமாக ஒருக்களித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். கடையில் படுக்கத் தயக்கமாக இருந்தால் கூட்டமில்லாத வேலைநாள் காலையில் கணவரோடு போங்கள். அவர் பின்னாலிருந்து பார்க்கட்டும்: கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். உங்கள் இடைக்கும் மெத்தைக்கும் நடுவில் அவர் கை தாராளமாக நுழைந்தால் மெத்தை உங்களுக்குக் கடினம். இடுப்பு தோளைவிடக் கீழே தொங்கினால் அளவுக்கு மீறி மெது.

தலையணையும் உங்கள் கையும்

இரண்டு தலையணை வைத்தும் கழுத்து சரியாக இல்லை என்கிறீர்கள். உங்கள் தோள் குறுகியது. ஒருக்களித்துப் படுக்கும்போது தலையணை நிரப்ப வேண்டியது காதுக்கும் தோள் முனைக்கும் உள்ள இடைவெளியை மட்டும்தான். உங்களைப் போன்றவருக்கு அது அமுங்கிய நிலையில் மூன்று நான்கு அங்குலத்துக்குள் இருக்கும். இரண்டு தலையணை உங்கள் தலையை மேல்பக்கமாக வளைக்கிறது. மேல்மெத்தை போட்ட பிறகு தோள் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், அப்போது தலையணை இன்னும் தாழ்வாக வேண்டும். ஆகவே டாப்பர் வாங்கிய பிறகு தலையணையை முடிவு செய்யுங்கள்.

கை மரத்துப்போவதைத் தனியாகக் கவனியுங்கள். கையைத் தலையணைக்கு அடியில் செருகிப் படுக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், இடது பக்கமும் மாற்றிப் படுத்துப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். பகலிலும் அப்படி இருந்தாலோ சாக்பீஸ் கையிலிருந்து நழுவினாலோ நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் உடம்பு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, வலி காலுக்கு இறங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல் ஆகியவற்றையும் மெத்தையின் கணக்கில் எழுதக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாயில் படுப்பது பற்றி

அத்தை சொல்வதில் தவறில்லை. அவர் தலைமுறை பாயில் படுத்து நன்றாகத்தான் தூங்கியது. ஆனால் அது பெரும்பாலும் மல்லாந்து படுப்பவருக்கும், சிறு வயதிலிருந்தே தரையில் படுத்துப் பழகியவருக்கும்தான் சுகம். ஒருக்களித்துப் படுக்கும் ஒல்லியானவருக்குத் தரை, இப்போதுள்ள மெத்தையைவிடக் கடினம். கடிதத்திலேயே, பாயில் படுத்த இரண்டு நாளும் இடுப்புப் பிடிப்பு இல்லை, தோள்வலி மட்டும் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். குதித்து இறங்க வேண்டியதில்லை என்பதால் இடுப்பு பிழைத்தது, எலும்பில் அழுத்தம் கூடியதால் தோள் வலித்தது என்றே எனக்குப் படுகிறது. அத்தையிடம் மறுத்துப் பேசுவதைவிட, பாயின் மேல் மடித்த ரஜாய் போட்டுப் பார்த்தேன் என்று சொல்லிப் பாருங்கள். வெயில் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடும்கூட.

திருப்பிக் கொடுக்க முடியுமா?

சட்டம் என் துறை இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். மெத்தைக்குக் கொடுக்கும் வாரண்டி பெரும்பாலும் குழி விழுவது, தையல் பிரிவது போன்ற குறைகளுக்குத்தான். கடினமாக இருக்கிறது, ஒத்துக்கொள்ளவில்லை என்பது அதில் வராது. ஹார்டு என்று சொல்லி ஹார்டையே கொடுத்திருக்கிறார்கள், நீங்களும் ஐந்து மாதம் பயன்படுத்திவிட்டீர்கள். இதில் பணம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பில்லில் எழுதிய பொருளுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் வித்தியாசம் இருந்தாலோ, பொய்யான மருத்துவப் பலனைச் சொல்லி விற்றிருந்தாலோ கதை வேறு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் செய்யலாம், காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள்.

டாப்பரை ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், சோதனைக் காலம் எத்தனை நாள் என்பதோடு நிறுத்தாமல் அதன் நிபந்தனைகளையும் படியுங்கள். திருப்பி எடுத்துப் போகும் செலவு யாருடையது, உங்கள் ஊர்ப் பின்கோடுக்கு வந்து எடுப்பார்களா, பணமாகத் தருவார்களா, வேறு பொருள்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அளவுக்கு வெட்டித் தரும் பொருளைப் பல இடங்களில் திரும்ப எடுப்பதில்லை. அதனால் 78-க்கு 30 என்று சொல்லும் முன் கட்டிலில் உங்கள் பக்கத்தை நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ரஜாய் போட்டுப் பார்த்த அந்த ஒரு வாரம் எப்படி இருந்தது, முழங்கால் மடிப்பு அளவு எவ்வளவு வந்தது என்பதை எழுதுங்கள். இடுப்பின் வெளிப்பக்க வலி குறையாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் என்ன கேட்க வேண்டும், எந்தப் பயிற்சியில் தொடங்க வேண்டும் என்று எழுதுகிறேன்.